மணலின் புகைப்படம்

திருவிடந்தையிலிருந்து பொத்தேரிக்குப் போக ஜாக்குலினுக்கு இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் தேவைப்பட்டன. கோவளம் வழியாகக் கேளம்பாக்கம், அங்கிருந்து வண்டலூர், வண்டலூரில் மின்சார ரயில். காலை ஆறேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் எட்டரைக்குக் கல்லூரி வாசல். மாலையில் ஐந்து பத்து ரயிலை விட்டால் வீடு சேர ஒன்பது ஆகிவிடும். அவள் கல்லூரியில் யாரோடு பழகினாள், எதில் சேர்ந்தாள், எதிலிருந்து பாதியில் எழுந்து வந்தாள் என்பதையெல்லாம் பெரும்பாலும் இந்த ஐந்து பத்துதான் முடிவு செய்தது.

அப்பா ஜெபக்குமார் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். விடியற்காலை மூன்று மணிக்குப் போய்விட்டு, மகள் வீடு திரும்பும் நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். அம்மா மேரிக்கு ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டில் அறைகள் துடைக்கும் வேலை. அவர்களுடைய பெற்றோர் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டில் பொறியியல் கல்லூரிக்குப் போன முதல் ஆள் ஜாக்குலின். மின்னணுவியல், மூன்றாம் வருடம். முதல் ஆளாகப் போவதில் ஒரு சங்கடம் உண்டு. போன இடத்தைப் பற்றி வீட்டில் சொல்ல வார்த்தை இருக்காது. வீட்டைப் பற்றிப் போன இடத்தில் யாரும் கேட்கமாட்டார்கள்.

கல்லூரியின் ரோபோ குழுவில் அவளையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். வொர்க்‌ஷாப் மாலை ஐந்துக்கு மேல்தான் அவர்களுக்குக் கிடைக்கும். மற்ற பதினோரு பேரும் விடுதியிலோ பக்கத்திலோ இருப்பவர்கள். தகடு வெட்டுவதும், சக்கரம் மாட்டுவதும், சண்டை போடுவதும், கடை தேடிப்போய்ப் பரோட்டா தின்பதும் ஐந்துக்கு மேல் பத்துக்குள் நடந்தன. ஜாக்குலினுக்கு அவை மறுநாள் செய்தியாக வரும்.

அந்த வருடப் போட்டி, கடற்கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொறுக்கும் ரோபோ. மகாபலிபுரத்துக்குத் தெற்கே மணலிலேயே நடக்கும் என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் முதல் சுற்றுக்கு ரோபோவைக் கொண்டுபோகத் தேவையில்லை. கணினிக்குள் அதே ரோபோவைச் செய்து, அதே போன்ற சரிவில் ஓட்டி, அந்த வீடியோவை அனுப்ப வேண்டும். இதற்குச் சிமுலேஷன் என்று பெயர். குழுவில் யாருக்கும் அது தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. கையில் இரும்பு இருக்கும்போது திரையில் இருக்கும் இரும்பை யார் விரும்புவார்கள்?

கேப்டன் மோகன்தான் சொன்னான். மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம். எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவன். "ஜாக்கு, சிம் வேலைய நீ எடுத்துக்கோ. வூட்ல உக்காந்தே பண்ணலாம். எப்ப போன, எப்ப வந்தன்னு யாரும் உன்ன கேக்கமாட்டாங்க."

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். சொன்னபடியே யாரும் கேட்கவும் இல்லை.

முதல் வாரம் ரோபோ தரைக்குள் விழுந்துகொண்டே இருந்தது. பார்க்க எல்லாம் சரியாக இருந்தது. நான்கு சக்கரம், பெட்டி போன்ற உடம்பு, முன்னால் பொறுக்கும் கை. ஓட்டு என்று பொத்தானை அழுத்தியதும் தரை என்று ஒன்று இல்லாதது போல அதற்குள் இறங்கி, கீழே, கீழே, கீழே போய்ப் புள்ளியாகி மறைந்தது. இணையத்தில் தேடினாள். எந்த நாட்டிலோ ஒருவன் ஆறு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியைக் கேட்டிருந்தான். யாரும் பதில் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து அவனே கீழே 'சரியாகிவிட்டது, நன்றி' என்று எழுதியிருந்தான். எப்படிச் சரியானது என்று எழுதவில்லை. அந்த முகம் தெரியாதவன்மேல் ஜாக்குலினுக்கு வந்த கோபம், அவள் வாழ்க்கையில் வேறு யார்மேலும் வந்ததில்லை.

ஒன்பதாம் நாள் பிடிபட்டது. அந்த மென்பொருளில் ஒரு பொருளுக்கு இரண்டு உடம்பு தர வேண்டும். கண்ணுக்குத் தெரிவது ஒன்று, முட்டினால் முட்டுவது இன்னொன்று. அவள் முதலாவதை மட்டும் கொடுத்திருந்தாள். அதனால் ரோபோவைப் பார்க்க முடிந்தது. எதுவும் அதைத் தொட முடியவில்லை.

அடுத்து, திரை முழுக்கச் சாம்பல் நிறம். ஒரு சாயங்காலம் முழுக்க ரோபோவைக் காணாமல் தேடினாள். வரைபடத்தில் மில்லிமீட்டரில் கொடுத்த அளவுகளை மென்பொருள் மீட்டர் என்று எடுத்துக்கொண்டிருந்தது. நாற்பது சென்டிமீட்டர் ரோபோ நானூறு மீட்டர் உயரத்துக்கு நின்றது. அவள் தேடிக்கொண்டிருந்தது அதன் வயிற்றுக்குள் இருந்தபடி.

உலகத்தைப் போல ஒன்றைச் செய்ய உட்கார்ந்தவர்களுக்கு முதலில் தெரிவது, உலகத்தில் கேட்காமலேயே கிடைத்தவை எத்தனை என்பதுதான். எடை, தரை, வெளிச்சம், கீழ்நோக்கி இழுக்கும் விசை. ஒவ்வொன்றையும் வரிவரியாக எழுதித் தந்தால்தான் உண்டு. எழுதாமல் விட்டதை மென்பொருள் தானாக ஒரு எண்ணைப் போட்டு நிரப்பிக்கொள்ளும். அப்படி நிரப்பிக்கொண்டதைச் சொல்லாது.

லேப்டாப் பழையது. ரோபோவின் ஒரு நொடி ஓட்டத்தைக் கணக்குப் போட்டுக் காட்ட அதற்கு ஏழு நொடி பிடித்தது. சோற்றை வடித்துவிட்டு மேரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்ப்பாள்.

"இன்னாடி இது, நவுரவே மாட்டுது?"

"நவுருதும்மா. மெஷின் ஸ்லோ. அதுக்கு ஒரு செகண்டுன்னா நமக்கு ஏழு."

"அப்ப அது கொழந்தையாவே கீது. நீ கெழவி ஆயிடுவ, போ."

சிரித்துவிட்டு எழுந்து போவாள். ஜாக்குலின் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறு வாரம் அவள் சாயங்காலங்கள் ஏழில் ஒரு பங்கு வேகத்தில் நகர்ந்தன.

கடைசியாக அவள் கடற்கரையைச் செய்தாள். சரிவு, ரோபோ சுற்றி வர வேண்டிய இரண்டு கொடி, பதினைந்து பாட்டில். தரை சிமெண்ட் போல வெளுப்பாக இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் கடற்கரைக்குப் போய், காலடி படாத இடமாகப் பார்த்து, செல்போனை மேலிருந்து நேராகப் பிடித்து மணலைப் படம் எடுத்தாள். அந்தப் படத்தைத் தரைமேல் விரித்தாள். அப்படியே திருவிடந்தைக் கடற்கரை. மேரிகூட ஒப்புக்கொண்டாள்.

அந்த மணலில் ரோபோ கொடியைச் சுற்றித் திரும்பும்போது கவிழ்ந்தது.

பத்து முறை ஓட்டினாள். எட்டு முறை கவிழ்ந்தது. வேகத்தைக் குறைத்தால் நேரத்துக்குள் முடிக்க முடியாது. உடம்பை ஆறு சென்டிமீட்டர் கீழே இறக்கினாள், கவிழவில்லை. மறுநாள் மதிய இடைவேளையில் வீடியோவை மோகனுக்குக் காட்டினாள். சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தைச் செய்யும் பிரபாவும் எட்டிப் பார்த்தான். மெக்கானிக்கல் பையன், பேசியே வெல்டிங் வைத்துவிடுவான் என்று பெயர்.

"மச்சான், வொர்க்‌ஷாப் தரையில நல்லாத்தான ஓடுது?" என்றான் பிரபா.

"இது சரிவு. அது சமதரை," என்றாள் ஜாக்குலின்.

மோகன் வீடியோவை மூன்று முறை பார்த்தான். "மணலப் பாரு மச்சான், நெஜமாவே கீது," என்றான். பிறகு, "எறக்கிடு."

பிரபா முனகிக்கொண்டே தாங்கு தகடுகளை வெட்டி, உடம்பை ஆறு சென்டிமீட்டர் இறக்கி வெல்டு வைத்தான். மூன்று வாரம் ஆனது. முதல் சுற்றில் அவர்கள் தேர்வானார்கள். மோகன் ஜாக்குலினைப் பார்த்து, "நல்ல வேல," என்றான். அன்று மதியம் அவள் போனில் ஒரு வாட்ஸ்அப் குழு முளைத்தது. பெயர் 'ஐந்துக்கு மேல்'. ரோபோ குழுவின் பேச்சும் படங்களும் இத்தனை நாளும் அதில்தான் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. அப்படி ஒன்று இருப்பதே ஒன்றரை வருடமாக அவளுக்குத் தெரியாது. இப்போது சேர்த்திருக்கிறார்கள். சேர்த்ததைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்வதா, இத்தனை நாள் சேர்க்காததை நினைப்பதா என்று தெரியாமல் ரயிலில் போனைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். சந்தோஷம்தான் ஜெயித்தது.

போட்டிக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது அசல் ரோபோவை மணலில் ஓட்டிப் பார்க்கத் திருவிடந்தைக்கே வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. வேனிலிருந்து பதினோரு பேர் இறங்கினார்கள். மேரி ரிசார்ட்டில் விடுப்பு சொல்லிவிட்டுப் பன்னிரண்டு பேருக்குச் சோறு வடித்து மீன் குழம்பு வைத்திருந்தாள்.

ரோபோ இரண்டு மீட்டர் போனது. சக்கரம் மணலில் புதைந்தது. புதைந்த சக்கரம் மணலை வாரி உடம்புக்கு அடியில் தள்ளியது. வயிறு மணலில் உட்கார்ந்துகொள்ள, நான்கு சக்கரமும் காற்றில் சுற்றுவது போலச் சும்மா சுற்றின. தூக்கி வைத்தார்கள். மறுபடி உட்கார்ந்தது. வெயில் ஏறும்வரை இதே கதை.

"மோட்டாருக்கு உசுரு இல்ல மச்சான்," என்றான் பிரபா.

மோட்டாரின் சுழல்விசையை, டார்க்கை, கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தது சிநேகா. இரண்டாம் வருடப் பெண். மோகன் அவள் பக்கம் திரும்பினான். "சிநேகா, டார்க் கணக்கு முழிச்சிகினு போட்டியா, தூங்கிகினு போட்டியா?"

"சரியாத்தாண்ணா போட்டேன்."

"அப்ப அதுக்கு இன்னா நோவு? ராத்திரிக்குள்ள மறுபடி போட்டு அனுப்பு. பெரிய மோட்டார் ஆர்டர் போடணும். வரவே பத்து நாளு ஆவும்."

யாருக்கும் சாப்பிடத் தோன்றவில்லை. "இன்னொரு நாளு வர்றோம் ஆன்ட்டி," என்று மோகன் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு வேனில் ஏறினான். மேரி மகளைப் பார்த்தாள். "இன்னா ஆச்சு? சண்டையா?"

"இல்லம்மா. ரோபோ ஓடல."

"ஓடலன்னா துன்னக்கூடாதா?"

மதியம் ஜாக்குலின் லேப்டாப்பைத் திறந்து, இறக்கிய ரோபோவை மறுபடி ஓட்டினாள். அதே கடற்கரை, அதே மணல். இங்கே ஒழுங்காக ஓடியது. ஒரு சக்கரத்தைத் திரை நிறையும்படி பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எடுத்த படத்தில் ஓரமாக ஒரு நண்டு வளை இருந்தது, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு. சக்கரம் மெதுவாக, ஏழில் ஒரு பங்கு வேகத்தில், அந்த வளையை நோக்கி வந்தது. அதன்மேல் ஏறியது. கடந்துபோனது. இம்மியும் இறங்கவில்லை.

அவள் சிமுலேஷன் கோப்பைத் திறந்து தரை பற்றிய வரிகளைத் தேடினாள். நிறம் இருந்தது, படம் இருந்தது, சரிவு இருந்தது. உராய்வு எவ்வளவு என்ற வரி இல்லை. அவள் எழுதவில்லை. மென்பொருள் தானாகவே 'ஒன்று' என்று வைத்துக்கொண்டிருக்கிறது. காய்ந்த தார் ரோட்டில் ரப்பர் பிடிப்பது போன்ற பிடிப்பு. அப்படிப் பிடிக்கும் தரையில் வேகமாகத் திரும்பினால் எந்த வண்டியும் கவிழும். மணலில் கவிழாது, சறுக்கும். கவிழாத ஒன்றைக் கவிழுமென்று சொல்லி, இறக்கச் சொல்லி, மணலில் வயிறு தட்டும்படி செய்தது அவள்தான். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது மாடி அறையில் வளர்ந்த ஒருவன் இந்தத் தவறைச் செய்திருந்தால் மணலைப் பற்றி எங்காவது படித்துப் பார்த்திருப்பான். நடக்கப் பழகியதே மணலில் என்பதால் அது அவளுக்கு ஒரு கேள்வியாகவே எழவில்லை. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, அதோடு விட்டுவிட்டாள். நன்றாகத் தெரிந்த ஒன்றை நாம் உற்றுப் பார்ப்பதில்லை. அதைத் தெரிதல் என்று சொல்லலாமா என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் 'ஐந்துக்கு மேல்' குழுவில் சிநேகா தன் கணக்கை அனுப்பினாள். சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதினாள். யாரோ சிரிக்கும் ஸ்டிக்கர் போட்டார்கள். சிறிது நேரம் கழித்து மறுபடி அனுப்பினாள், இந்த முறை படிகளை நிதானமாக விளக்கி. அதற்கும் பதில் இல்லை. மூன்றாவது முறையாகவும் அனுப்பினாள்.

ஜாக்குலின் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோப்பை அவளைத் தவிர யாரும் திறந்ததில்லை, இனியும் திறக்கமாட்டார்கள். பெரிய மோட்டார் வந்தால் ஏதோ கொஞ்சம் இழுக்கும். இழுக்காவிட்டால் மோட்டார், மழை, போட்டிக்காரர்கள் என்று காரணம் வந்துகொண்டே இருக்கும். அவள் பெயர் வராது. ஒன்றரை வருடம் கழித்துக் கிடைத்த இடம் அப்படியே இருக்கும். போனில் நான்கு வரி எழுதினாள். அழித்தாள். இது எழுதுகிற விஷயமில்லை என்று சொல்லிக்கொண்டாள், பயமும்தான்.

போட்டி நெருங்கியதால் வொர்க்‌ஷாப் பகலிலும் திறந்திருந்தது. திங்கட்கிழமை மதிய இடைவேளையில் வொர்க்‌ஷாப்புக்குப் போனாள். மோகன், பிரபா, சிநேகா மூவரும் ரோபோவைக் கவிழ்த்துப் போட்டு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். லேப்டாப்பை மேஜைமேல் வைத்து நண்டு வளையைக் காட்டினாள். சக்கரம் அதைக் கடக்கும்வரை நால்வரும் காத்திருந்தார்கள். நீண்ட நேரம் பிடித்தது.

"எறங்கலயே," என்றான் மோகன்.

"எறங்காது. அது மணல் இல்ல. கெட்டித் தரைமேல நான் போட்ட படம். தரைக்கு உராய்வு நான் குடுக்கவே இல்ல."

"அப்ப கவுந்தது?"

"கெட்டித் தரைன்றதால கவுந்தது. மணல்ல கவுந்திருக்காது."

"நீ சொல்லித்தான எறக்கினோம்?"

"ஆமா."

"மூணு வாரம்."

"ஆமா."

பிரபா ஸ்பேனரைக் கீழே வைத்தான். "பீச்சுலயே பொறந்தவ நீ. உனக்கே மணலு இன்னான்னு தெரியலன்னா, சேலத்துலருந்து வந்த நான் எங்க போறது?"

அது வேடிக்கையாகச் சொன்னதுதான். யாரும் சிரிக்காததால் அவனே வேறு பக்கம் பார்த்தான்.

"அப்ப மோட்டார்?" என்றாள் சிநேகா.

"மோட்டார் சரியாத்தான் இருக்கு. உன் கணக்கும் சரி."

சிநேகா தலையசைத்தாள். நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அவள் ஒரு வார்த்தையாவது சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருக்கிறோம் என்பது ஜாக்குலினுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் தன்மேலேயே கொஞ்சம் வெறுப்பு வந்தது. உண்மையைச் சொல்ல வந்தவள் கூலியையும் எதிர்பார்த்திருக்கிறாள்.

மோகன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "சரி. ஆர்டர் போடல. எவ்ளோ தூக்கணும்னு சொல்லு," என்று மட்டும் சொன்னான்.

அந்த வாரம் மூன்று விடியற்காலைகள் அவள் கடற்கரையில் இருந்தாள். பக்கத்து வீட்டில் மீன் நிறுக்க வைத்திருந்த ஸ்பிரிங் தராசை வாங்கி, சக்கர ரப்பர் ஒட்டிய பலகைமேல் செங்கல் வைத்து, கொக்கி மாட்டி இழுத்தாள். காய்ந்த மணலில் ஒரு எண், ஈர மணலில் இன்னொன்று, சரிவில் வேறொன்று. குனிந்து ஒவ்வொன்றாக நோட்டில் குறித்தாள். ரிசார்ட்டில் தங்கியிருந்த ஒருவர் நடைப்பயிற்சியின் நடுவில் நின்று, என்னம்மா தேடுற, ஏதாவது தொலைச்சிட்டியா என்று கேட்டார். இல்லை சார் என்றாள்.

சராசரி, மென்பொருள் வைத்திருந்த ஒன்றில் பாதியை ஒட்டி வந்தது. அதைத் தரைக்குக் கொடுத்துப் பழைய உயரத்தில் ஓட்டினாள். ரோபோ கொடியைச் சுற்றும்போது சறுக்கியது, கவிழவில்லை. ஆனால் புதையவும் இல்லை. உராய்வு மாறியிருந்தது, தரை இன்னும் கெட்டியாகவே இருந்தது. மணல் அமுங்குவதை அந்த மென்பொருளில் செய்ய வழி இருக்கலாம்; அவள் லேப்டாப்பில் இல்லை, மீதமிருந்த பதினான்கு நாளிலும் இல்லை. மோகனுக்குத் தர எழுதிய அறிக்கையின் கடைசியில் புதிதாக ஒரு தலைப்பு போட்டாள்: இந்தச் சிமுலேஷனுக்குத் தெரியாதவை. அதன்கீழ் எழுத எழுத ஒரு பக்கம் நிரம்பியது. சொன்ன முடிவுகளைவிட அந்தப் பக்கம் நீளமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு அதைக் கொடுக்கப் போனபோது வொர்க்‌ஷாப்பில் பிரபா மட்டும் இருந்தான். புதிய தாங்கு தகடுகளை வெட்டி அடுக்கியிருந்தான். ஒன்றை எடுத்து நிறுத்தி, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "எங்க ஓட்ட போடட்டும்? நீ சொல்ற எடத்துல போடறேன். இந்த வாட்டி வெல்டு கெடயாது, போல்ட்டு."

"நாலு சென்டிமீட்டர் வரைக்கும் தூக்கலாம், கவுராது. அது எனக்கு உறுதி."

"நாலு பத்துமா? பொதையாதா?"

"தெரியாது."

"ஆறு?"

"கவுராதுன்னு சிம் சொல்லுது. அது சொல்றத நான் பாதிதான் நம்புறேன்."

பிரபா நிமிர்ந்து பார்த்தான். "நீ தெரியாதுன்னு சொல்லி இப்பத்தான் கேக்கறேன்," என்றான். பாராட்டா குத்தலா என்று கண்டுபிடிக்க முடியாத குரல்.

பிறகு சாக்பீஸால் தகட்டில் நான்காம் சென்டிமீட்டரில் ஒரு கோடு போட்டான். கொஞ்சம் யோசித்து ஐந்திலும் ஆறிலும் ஏழிலும் போட்டான். கீழே இறங்கி மூன்றிலும் ஒன்று. "எல்லாத்துலயும் போட்டுடறேன். பீச்சுல வெச்சி எது நிக்குதோ அதுல மாட்டிக்கலாம். ஞாயித்துக்கெழம வர்றோம்."

கையில் ட்ரில் இருந்தது. தகட்டைப் பிடிக்கும் வைஸில் வேறு ஏதோ மாட்டியிருந்தது. "இத கொஞ்சம் அழுத்திப் புடி," என்றான். அன்று ஆள் குறைவு, அவ்வளவுதான்.

பலகைமேல் வைத்த தகட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். ட்ரில் இறங்கியபோது அதிர்வு முழங்கை வரை ஏறியது. சுருள்சுருளாக இரும்புத் துருவல் வெளியே வந்தது, சூடாக. ஒரு துணுக்கு அவள் மணிக்கட்டில் விழுந்து சுட்டது, கையை எடுக்கவில்லை. மூன்றில் ஓட்டை விழுந்தது. நான்கில் விழுந்தது.

"அஞ்சாவப் போவுது," என்றாள். "ட்ரெயின் இருக்கு."

"போ, போ. நா வைஸக் காலி பண்ணிக்கறேன்."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மரத்தடியில் யாரோ கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலைத் தாண்டும்போது ஐந்தாம் சென்டிமீட்டருக்கான ட்ரில் சத்தம் கேட்டது. ஆறாவது கேட்பதற்குள் ஜி.எஸ்.டி ரோட்டின் லாரிச் சத்தம் அதை மூடிவிட்டது.